இருபத்தேழு மணி இருபத்தொன்பது நிமிடம்

செமாபோக், மலாக்கா.
வியாழக்கிழமை, 16 நவம்பர் 1961, காலை மணி 9.40.

பொருள்: காலஞ்சென்ற நல்லதம்பி பிள்ளை அவர்களைப் பற்றி. ஞாயிறன்று இரங்கல் கூட்டத்தில் ஒரு வரியும் விடாமல் வாசிக்கப்பட வேண்டியது.

படிப்பகச் செயலாளர் அவர்களுக்கும், பிள்ளையை அறிந்த காஜா பெராங் அன்பர்கள் அனைவருக்கும்:

கடந்த 12ஆம் தேதி ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அவருடைய மருமகன் என் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பிள்ளை விடியற்காலை நாலு மணிக்கு இறந்துவிட்டதாகச் சொல்லி, பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு புத்தகத்தை நீட்டினார். "கிராணிகிட்ட குடுன்னார். வேற ஒண்ணும் சொல்லல." காவல் நிலைய எழுத்தராக இருந்த என்னைப் பிள்ளை கிராணி என்றே அழைப்பார். அது நம் கூட்டரசின் அரசியல் சட்டம். ஐந்தாம் விதியில் ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அவர் எனக்கு நினைவூட்டுகிறார்.

மறுநாள் உங்கள் அழைப்பிதழ் வந்தது. பிள்ளையின் படத்தைத் திறந்துவைப்பவர் பெயரைப் பார்த்தேன். "சட்டத்துக்குப் பணிந்து வாழ்ந்த நண்பர்" என்று அவர் பேசப்போகிறாராம். அந்தப் பெயரை இங்கே எழுத என் பேனா மறுக்கிறது. அதிகாரி என்றே குறிப்பிடுகிறேன். அவர் மேடையில் அமர்ந்திருக்கும்போதே இது வாசிக்கப்பட வேண்டும். அதற்காகத்தான் மூன்று நாள் முன்னதாக அனுப்புகிறேன்.

பிள்ளையும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக இருந்தவர். நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே குடியேறிய மலாக்காச் செட்டி வம்சம். வீட்டில் மலாய்தான், தமிழ் படிக்கத் தெரியாத ஒரே படிப்பக உறுப்பினர். அவர் பேச்சை நான் தமிழில் தருகிறேன். காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பதும் என் வேலையாக இருந்தது.

1958 ஜனவரி 11, சனிக்கிழமை. சாலையை அகலப்படுத்த ஆட்களோடு வந்த அதிகாரி, பிள்ளை வீட்டின் பின்னறைச் சுவரில் கடப்பாரையை வைக்கச் சொன்னார். பிள்ளை சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "மானா சூராட், துவான்?" என்றார். கடிதம் எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். சட்டப்படியன்றி ஒருவர் சொத்தைப் பறிக்க முடியாது, தகுந்த ஈடு தராமல் எடுக்க முடியாது என்பது பதின்மூன்றாம் விதி. அதிகாரியிடம் கடிதம் இல்லை. எனவே போலீசைக் கூப்பிட்டார். காலை 10.20க்குக் கைது. அந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான்.

"திங்கக்கிழம வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும். சுதந்திரம் வந்து முழுசா அஞ்சு மாசம் ஆகல, அதுக்குள்ள இவருக்கு சூராட் வேணுமாம்" என்றார் அதிகாரி. எங்கள் நிலையத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

மறுநாள் முழுதும் பிள்ளை கம்பிக்குப் பின்னாலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் சீண்டினார்: "என்னாண்ணே, மணியவே பாத்துக்கிட்டிருக்கீங்க? பஸ் புடிக்கணுமா?"

"எனக்கு இல்ல தம்பி. அரசாங்கத்துக்குத்தான் நேரமாவுது."

ஐந்தாம் விதிப்படி, கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் நீங்கலாக. கோர்ட்டுக்கு நடந்தால் பதினோரு நிமிடம் என்று பிள்ளை என்னிடம் கேட்டறிந்துகொண்டார். ஞாயிறு காலை 10.31க்கு எழுந்து நின்று, "கிராணி, இப்ப கைதி நான் இல்ல. சட்டத்தைத்தான் உள்ள வெச்சிருக்கீங்க" என்றார். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை.

திங்களன்று மதியம் இரண்டு மணிக்குக் கோர்ட். காலையில் அதிகாரி வந்தார். கைது நேரத்தை ஞாயிறு மாலை நான்கு என்று மாற்றி எழுதச் சொன்னார். பழைய தாளை எரித்துவிட வேண்டும். "உனக்குப் பென்ஷன் வேணுமா, வேணாமா?" என்றார். அன்பர்களே, நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீதிபதி, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டபோது பிள்ளை பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒன்றுமில்லை, துவான்" என்றார். எச்சரித்து விடுவித்தார்கள்.

நான் அவரோடு காஜா பெராங்குக்கு நடந்தேன். அன்று போகி. அவர்கள் முன்னோருக்கு 'பார்ச்சு' படைக்கும் நாள். இலைகளில் உணவைப் பரிமாறி, முன்னோரை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே நிற்பார்கள். வீட்டுத் தலைவர் அழைக்காமல் படையல் இல்லை. 3.10க்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் உள்ளே இருந்தபோதே பின்னறைச் சுவரை இடித்துவிட்டிருந்தார்கள். படைக்கும் அறை அதுதான். முற்றத்தில் மூன்று கல் கூட்டிச் சமைத்திருந்த அவர் மனைவி, இலைகளோடு காத்திருந்தார். சாத்துவதற்குக் கதவில்லை. பிள்ளை இரண்டு சாரோங்கை முடிந்து குறுக்கே கட்டினார். "வர்றவங்க கேப்பாங்க, கிராணி, சுவர் எங்கன்னு. என்னான்னு சொல்ல?"

அப்போதுதான் கேட்டேன், கோர்ட்டில் ஏன் பேசவில்லை என்று. "பேசினா உன் கை மாட்டும். அவன் தப்பிச்சிடுவான். எனக்கு அவன்தான் வேணும். நீ வேலைய விட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்."

நான் ஓய்வு பெற்றது இந்த ஆண்டு மார்ச் 31, வெள்ளிக்கிழமை. அதன்பின் ஏழரை மாதம், உண்மையை நாளை எழுதித் தருகிறேன் என்றும் தீபாவளி கழியட்டும் என்றும் சொல்லிவந்தேன். பிள்ளை அவசரப்படுத்தவில்லை. சாலையில் பார்த்தால், "மணி என்ன, கிராணி?" என்று மட்டும் கேட்பார்.

சட்டம் அனுமதித்ததற்கு மேல் இருபத்தேழு மணி இருபத்தொன்பது நிமிடம் ஒரு மனிதரை அடைத்துவைத்தவர் ஞாயிறன்று அவர் படத்துக்கு மாலை போடப் போகிறார். போடட்டும். முதலில் இதைக் கேட்கட்டும். நீதிபதிக்கும் காவல்துறைத் தலைமைக்கும் நகல்கள் இன்று காலையே போய்விட்டன. அதிகாரி வீட்டிலிருந்து கிளம்பும் முன் படித்துவிடக் கூடாதென்று, அவருக்கு மட்டும் அனுப்பவில்லை. எனக்கும் தண்டனை உண்டு என்பதை அறிவேன். பென்ஷன் போகலாம். அவரும் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே என் விருப்பம். பிள்ளை மன்னித்தாரா என்று யாரும் கேட்க வேண்டாம். மன்னித்தவர், ஐந்தாம் விதியில் பஸ் டிக்கெட் செருகி வைக்கமாட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் புத்தகம் ஒன்றுதான். யாராவது அதை வாங்க வந்தால் அதே கேள்வியைக் கேட்பேன்: கடிதம் எங்கே?

இணைப்புகள்:
அ) எரிக்கச் சொல்லப்பட்ட பதிவேட்டுத் தாள், அசல், கைது நேரம் சனி காலை 10.20.
ஆ) தாளை மாற்றி எழுதியவன் நானே என்ற வாக்குமூலம், கையொப்பமிட்டு, இரண்டு பக்கம்.
இ) உங்கள் அழைப்பிதழ், திருப்பி அனுப்பப்படுகிறது. திறந்துவைப்பவர் பெயரை அடிக்கவில்லை. எல்லோரும் படிக்க வேண்டும்.