டூயட்டுக்குக் கற்பூரம்

எழுபதுகளில் மரக்காணம் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கும் ஒருவர் இருந்தார். ஒடிசலான ஆள்; உப்புக்காற்றில் சிவந்த கண்கள். அங்கே ஓடிய ஒரு படத்தில், அம்மனை வர்ணித்து அழைக்கும் பம்பை மெட்டைக் காதல் பாட்டுக்குப் போட்டிருந்தார்கள். பாட்டு வந்ததும், உப்பளத்திலிருந்து நேரே வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்திக்குச் சாமி வந்துவிடும். அவர் அலுப்போடு எழுந்து போவார். சட்டைப் பையிலிருக்கும் கற்பூரத்தை எடுத்து ஏற்றிக் காட்டி, “இது டூயட்டு தாயி, மலையேறு” என்பார்.

சில மாதம் கழித்து அதே படம் திரும்ப வந்தது. அதற்குள் டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான். அன்று பாட்டு தொடங்கியதும் கற்பூரத்தோடு எழுந்து நின்றார். யாரும் ஆடவில்லை. ஒருத்தி கூடவே பாடினாள். இன்னொருத்தி கொட்டாவி விட்டாள்.

படம் பார்க்க வந்து அவர் பக்கத்தில் நின்ற நான், “உங்களுக்கு வேலை மிச்சம்” என்றேன்.

“கேட்டுக் கேட்டு பழகிப்போச்சுங்க. ஆடி மாசம் கோயில்லயும் இதத்தான அடிப்பாங்க. அப்ப சாமி வரணுமே.”

அடுத்து வந்த படத்தில் அந்த மெட்டே இல்லை. அப்படியும் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் எழுந்து நின்று, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.