ரயில்வே கேட்டில் பிரிந்த சிக்கு

இன்று காலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட் ரேவதி அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை முடியை வெட்டிவிடப் போகிறேன் என்றேன்.

"ஏன்டி? இடுப்பு வரைக்கும் கீது!"

"தலை வார நேரமே இல்லக்கா. குளிச்சிட்டு ஈரத்தோட முடிஞ்சிக்கினு வரேன். அப்புறம் நாள் பூரா கம்பெனி தொப்பிக்குள்ள."

அக்கா என் கொண்டையை அவிழ்த்தார். "காக்கா கூடு மாதிரி கீது. எப்ப வாரின?"

"போன ஞாயிறு."

"தெனம் ஒரு தபாவாவது வாரணும்டி. ஈரத்துல சீப்பு வெக்காத. இன்னிக்கு தலைக்கு ஊத்தல போல, காஞ்சிதான் கீது, திரும்பு."

அவர் உச்சியிலிருந்து இழுக்கவில்லை. மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் தொடங்கி ஒவ்வொரு சிக்காகப் பிரித்தபடி ஏறினார். வலிக்கவே இல்லை.

ஹாஸ்டலுக்கு வந்து இரண்டு வருடம். துன்னியா என்று அம்மா தினமும் போனில் கேட்பாள். போனில் தலை வாரிவிட முடியாது. கம்பெனியில் என் முடியைக் கவனிப்பவர் சூப்பர்வைசர் மட்டும்தான், அதுவும் தொப்பிக்கு வெளியே ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தால்.

பாதியில் ரயில்வே கேட் மூடியது. பஸ் தாமதமானாலும் எங்கள் பேரில்தான் லேட் போடுவார்கள். எல்லோரும் கேட் கீப்பரைத் திட்டினார்கள். நான் மட்டும் இன்னொரு கூட்ஸ் வண்டி வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

வந்தது. சிக்கெல்லாம் பிரிந்து, அக்கா போட்ட பின்னலும் முடிந்தது.

கம்பெனி வாசலில் அதைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டப் போவதில்லை.

ரயில்வேயில் யாருக்காவது ஆள் தெரியுமா? நாளைக்கும் அந்த கேட்டை மூடச் சொல்ல வேண்டும்.