ஆட்டுக்காக அடகு போன அரிசிக் கூப்பன்

ஐம்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கினிகத்தேனைக் கடைவாசலில் நின்றுகொண்டு, என் மகளுக்கு விலை பேசுவதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"கருப்பையா, கொழும்புல நமக்குத் தெரிஞ்ச பங்களா ஒண்ணு இருக்கு. ஒம் மகள அங்க வேலைக்கு அனுப்பு. அது சம்பளத்த நான் ஒங்க கணக்குல கழிச்சுக்கிறேன். தீவாளி கழிஞ்சதும் ரயிலேத்திரலாம்."

கடை முதலாளி தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் கருப்பையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மகள் செல்லம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு.

நான் மருதாயி. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். ஆத்தா மாரியம்மாளை நம்பும் உங்களுக்கெல்லாம் என் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கள் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முந்தின வருஷம் எங்கள் சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டது. பிழைத்தால் ஆத்தாவுக்குக் கிடா வெட்டுவதாக வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டார். பிழைத்தான். கையில் காசு இல்லை. அப்போது ஆளுக்கு ஒரு அரிசிக் கூப்பன் புத்தகம்; அது இருந்தால்தான் மலிவு விலையில் அரிசி. எங்கள் நாலு பேர் புத்தகத்தையும் முதலாளியிடம் அடகு வைத்தோம். கிடா வந்தது. குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று பத்துக் காம்பராவை வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயம் முழுக்க வந்து தின்றது. அதற்குப் பிறகு எங்கள் கூப்பனுக்கு முதலாளி அரிசி எடுத்தார்; அதே அரிசியைக் கடை விலைக்கு எங்களுக்கே கடனாக அளந்தார். மாதா மாதம் சம்பளம் அவர் கைக்குப் போயும் கடன் குறையவில்லை.

"சாமிக்குப் பட்ட கடன் புள்ள, அவளே அடைச்சிருவா" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். இந்தத் தப்பை நம் லயங்களில் எத்தனை பேர் செய்திருக்கிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அன்றைக்குக் கடையிலிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன். "ஆத்தா, ஆட்டத்தான் தின்னுட்டியே. இப்ப எம் புள்ளையும் வேணுமா ஒனக்கு? எனக்குக் காசு வேணாம். வழியக் காட்டு. காட்டலேன்னா இந்த வாசல்ல இனிமே காலு வைக்க மாட்டேன்!" அழுது முடித்ததும் வெட்கமாக இருந்தது. அந்த மாசித் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

விரதம் இருந்தேன். மண்சட்டியில் மாட்டெருவும் வைக்கோலும் போட்டு, தட்டைப்பயறும் மொச்சையும் விதைத்து, வெயில் படாமல் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். நன்றாகத்தான் வளர்ந்தது. ஊர்வலத்தன்று தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினோம். மழையில் நனைந்த படியில் கால் வழுக்கியது. சட்டி போய்க் கல்லில் விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

கும்மிப் பாட்டு நின்றது. பக்கத்துக் காம்பரா பவுனக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, "அடியே, ஆத்தா ஏத்துக்கலடி" என்றாள். மற்றவர்கள் முளைப்பாரியை ஆற்றில் விட்டார்கள். நான் எருவையும் பயிரையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, லயத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற கான் வாய்க்காலோரத்தில் வீசினேன். ஆத்தாவோடு பேசுவதை விட்டேன்.

மூன்று வாரம் கழித்து அடுப்புச் சாம்பலைக் கொட்டப் போனால், கானோரத்தில் பச்சைப் பசேலென்று கொடி! நான் வெறுத்து வீசின அதே பயறு, வேலிக்குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. சாம்பல் சட்டியோடு அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். வழி கேட்டேன், காட்டிவிட்டாள். என் காம்பராவுக்குப் பின்னாலேயே காட்டிவிட்டாள்.

"ஏங்க, எந்திரிச்சு இங்க வந்து பாருங்க!"

வந்து பார்த்தவர், "நாலு கொடிய வச்சு என்னா புள்ள செய்யப் போற?" என்றார்.

"நாப்பது கொடி போடப் போறேன். நீங்கதான வெட்டணும்?"

தோட்டத்தில் அவருக்குக் கான் வெட்டுகிற வேலை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டு, லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவில் பயிர் வைக்க அனுமதி வாங்கினோம். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி குறுக்கே கான் வெட்டி, கல் அடுக்கித் தட்டுத் தட்டாக்கினார். அந்தக் கைவேலையின் அருமை இத்தனை வருஷமாகத் தோட்டத்துத் துரைக்குத்தான் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை! மாட்டுப்பட்டிச் சாணம், சாம்பல், காய்ந்த இலை, கழுவின தண்ணீர், எதையும் வீணாக்கவில்லை. கீழே நாட்டுப்புறத்துச் சிங்கள அம்மா ஒருத்தி பூசணி விதையும் மரவள்ளிக் குச்சியும் கொடுத்தார். முதல் காய்ப்பை விதைக்கென்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் சமைத்தோம்.

கொடியைப் பார்த்த அன்றைக்கே ஒரு சத்தியமும் செய்திருந்தேன். கடனுக்கு ஒரு நெருப்புக்குச்சி கூட வாங்குவதில்லை. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பாலும் சீனியும் இல்லாத வெறுந்தேத்தண்ணி குடித்தோம். அவர் கள்ளை விட்டார். நான் வெற்றிலையை விட்டேன். வாய் நமநமத்தது, ஆனாலும் விட்டேன். இராத்திரிக்கு மரவள்ளி, இல்லாவிட்டால் பலாக்காய், இல்லாவிட்டால் பயறு.

"அம்மா, இன்னைக்கும் பயறா?" என்று முகத்தைச் சுளித்தாள் செல்லம்மா.

"பயறு புடிக்கலேன்னா கொழும்புல எச்சித்தட்டு கழுவிக்கிட்டு நல்லா திங்கலாம், போறியா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளை தட்டை வழித்துத் தின்றாள். அதற்குப் பிறகு அவள் பயறைக் குறை சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயற்றங்காயும் கீரையும் கூடையில் சுமந்து கினிகத்தேனைச் சந்தைக்குப் போனேன். ஆவணி மாதம், ஒரு புத்தகத்தை மீட்கிற காசு சேர்ந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனேன்.

"ஒண்ணொண்ணா தர முடியாது. நாலையும் சேத்து மீட்டுக்க" என்றார் முதலாளி.

"மொதலாளி, எம் மக செல்லம்மா பேரு போட்டத மட்டும் குடுங்க. வாங்காம நான் போகப் போறதில்ல." வாசற்படியில் கூடையை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தைச் சனம் கூடிவிட்டது. "இந்தம்மா எதுக்கு இங்க குந்தியிருக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகச் சொன்னேன். வெயில் ஏறியது. கடைசியில் முதலாளி காசை எண்ணி வாங்கிக்கொண்டு, புத்தகத்தை எடுத்து என் கூடைக்குள் போட்டார். கொழும்புப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

பெரிய சோதனை தீபாவளிக்கு வந்தது. லயமே புதுத்துணி உடுத்தியது. பவுனக்கா பட்டுப் பாவாடை கட்டின தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் இரண்டு தரம் நடந்தாள். வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "புள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சமா கடன் வாங்குவோமே. ஒரே ஒரு தரம்."

எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்சத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கொழும்பு ரயில் வரும் என்று தெரியும். "வேணாங்க. கால்ல வேணும்னாலும் விழறேன், வேணாம்" என்றேன். அவர் கோபமாக வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தீபாவளியன்று மனுஷன் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்! துவைத்த துணியை உடுத்தி, எங்கள் பயற்றிலேயே வடை சுட்டுச் சாப்பிட்டோம்.

அடுத்த மாசிக்குள் நாலு புத்தகமும் வீட்டுக்கு வந்துவிட்டன. திருவிழாவில் கிடாவுக்குப் பதிலாக எங்கள் சரிவில் காய்த்த பெரிய பூசணிக்காயை ஆத்தா முன்னால் வைத்தோம். சிலர் சிரித்தார்கள். பூசாரி அதை வெட்டிக் குங்குமம் தடவினார். "ஆத்தா, போன வருஷம் ஒன்னோட சண்ட போட்டுட்டேன், மனசுல வச்சுக்காத" என்றேன். மறு வாரம் பவுனக்கா பின்பக்கமாக வந்து, "மருதாயி, கொஞ்சம் வெத தாடி" என்றாள். மடி நிறையக் கொடுத்தேன்.

கடனில் முழுகிக் கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன். ஆத்தாவிடம் போங்கள். சண்டை போடத் தோன்றினால் போடுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் அவள் பேரைச் சொல்லிக் கடன் வாங்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் போய்க் கீழே குனிந்து பாருங்கள்.

எனக்குக் கைநாட்டுத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் செல்லம்மா. அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். எச்சில்தட்டு என்று நான் சொன்ன இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அதையும் எழுதுடி" என்றேன். எழுதியிருக்கிறாள்.