அமரர் ஊர்தியில் ஒரு டம்ளர் டீ

என் மாப்பிள்ளை ஓட்டுவது அமரர் ஊர்தி. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. பெண் கேட்டு வந்தபோதே நான் முகத்தைச் சுளித்தவள். என் மகளோ ஒற்றைக் காலில் நின்று அவரையே கட்டிக்கொண்டாள். தையல் மெஷினில் உட்கார்ந்து நான் வாய்க்கு வந்தபடி முணுமுணுத்ததெல்லாம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் "அத்தை" என்கிற மரியாதை ஒரு நாளும் குறைந்ததில்லை. அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வண்டியில் அவர் ஒரு கெட்டில் வைத்திருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, எவ்வளவு குலுங்கினாலும் சாயாதபடி இறுக்கியிருந்தார். வண்டி பேட்டரியில் சூடாகிற கெட்டில், ஆமை வேகம்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் சுவிட்சைப் போடுவார். பின்னால் கதறல் விசும்பலாக அடங்கும் நேரத்துக்குத் தண்ணீர் கொதித்திருக்கும். நிழல் பார்த்து ஓரமாக நிறுத்துவார். பால் வைத்திருந்தால் கெட்டுவிடும் என்பதால் வெறும் டீத்தூளும் தட்டிய இஞ்சியும்தான். சர்க்கரை மட்டும் தாராளமாக விழும்.

"யார் யாருக்கு வேணும்னு கேட்டுட்டுப் போட்டா என்ன?" என்றேன் ஒருமுறை.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க அத்தை. கையில கொடுத்துடணும். கொடுத்துட்டா குடிச்சிடுவாங்க."

அந்தக் கெட்டில்தான் வினையாக வந்து முடிந்தது. இறந்துபோன ஒருவரின் மகன் வண்டி முதலாளிக்கு போன் போட்டு, "எங்கப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உங்க டிரைவர் டீக்கடை நடத்துறான்" என்று கத்தியிருக்கிறார். முதலாளி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இனிமே வண்டியில டீ போட்டா, சாவியைக் கொடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார். வீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான். என் தையல் வருமானம் ஊசிக்கும் நூலுக்குமே சரியாகப் போய்விடும்.

"அந்தச் சனியனைக் கழட்டித் தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை," என்றேன். தலையாட்டினார். கழற்றவில்லை, சுவிட்சை மட்டும் தொடாமல் இருந்தார்.

அடுத்த வாரமே என் தங்கை போய்விட்டாள். எனக்கு அடுத்துப் பிறந்தவள். ஒரே போர்வையை இழுத்து இழுத்துச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவளை அவள் ஊருக்குக் கொண்டுபோக மாப்பிள்ளைதான் வண்டியோடு வந்தார். அவள் வீட்டுக்காரரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையே வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

வண்டி நின்றது. பின்கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. மாப்பிள்ளை என் கையில் சுடச்சுட ஒரு டம்ளர் டீயைத் திணித்தார்.

"மாப்பிள்ளை, வேலை போயிடும்."

"ஆறிடும் அத்தை, குடிங்க."

குடித்தேன். சூடு உள்ளே இறங்க இறங்க, அதுவரை வராத அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். அழுது தீர்ந்த பிறகு நிமிர்ந்து என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள் முதலாளியின் ஆபீசுக்குக் கிளம்பினேன். இனி ஒவ்வொரு சவாரியிலும் இவர் டீ போடத்தான் போகிறார், என்றாவது மாட்டிக்கொள்வார். அதற்கு முன்னால் நானே போய்ப் பேசிவிடலாம் என்று கணக்கு. போய்ப் பார்த்தால் மேஜைமேல் வண்டிச் சாவி கிடக்கிறது.

"காலையிலேயே வந்து வெச்சுட்டுப் போயிட்டார்மா," என்றார் முதலாளி. "'டீ போட்டேன் சார், இனிமேலும் போடுவேன்'னு சொல்றார். நான் என்ன செய்ய?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டியில் இருந்தது வீட்டு ஆட்கள் மட்டும், யார் புகார் சொல்லப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிழைக்கத் தெரியாத மனுஷன்! திட்டத்தான் வாயெடுத்தேன். பெருமையில் கண் நிறைந்துவிட்டது.

"சார், அந்த வண்டியில போன சாவு வீட்டுக்காரி நான்தான்," என்றேன். "அந்த டீ இல்லேன்னா என் தங்கச்சி முகத்தைக்கூடப் பார்க்காம அனுப்பியிருப்பேன். செத்தவங்களைத்தான் எல்லா வண்டியும் ஏத்திட்டுப் போகுது. கூட வர்றவங்களைப் பார்த்துக்கறது இவர் ஒருத்தர்தான்."

முதலாளி பேனாவை உருட்டினார். "நாளைக்கு இன்னொருத்தர் போன் போட்டுத் திட்டினா நான் என்னம்மா பதில் சொல்றது?"

"என் நம்பரைக் கொடுங்க. நான் பேசிக்கறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை என் பக்கம் தள்ளினார்.

வண்டி நிற்கிற ஷெட்டில் மாப்பிள்ளை, கெட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போக அதன் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கையில் சாவியைப் பார்த்ததும் அவர் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க அத்தை?"

"என் மாப்பிள்ளை யாருன்னு சொன்னேன்."

அவர் குனிந்து, கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக மறுபடி முடுக்க ஆரம்பித்தார். நான் கெட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன்.