ஒண்டினா கை தூக்கிய சாலை

போர்ட்டோ அலெக்ரே நகரத்தில், குன்றின் உச்சிச் சந்தில் குடியிருந்த ஒண்டினாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு மழைக்காலத்தில், வலி கண்ட பெண்ணை நாற்காலியோடு தூக்கிச் சேற்றில் இறங்கிய நாலு பேரில் அவளும் ஒருத்தி. அதனால்தான், நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஜனங்களே ஓட்டுப் போடலாம் என்று வந்தபோது மேட்டுக்கு ஒரு சாலை வேண்டுமென்று அலைந்தாள். ஞாயிறுதோறும் வீடு வீடாக ஏறி, நீட்டிய மாத்தே இலைத் தேநீரைக் குடித்து, அறுபத்துமூன்று பேரைச் சேர்த்தாள். பலருக்குச் சாக்கடைதான் முதலில் வேண்டியிருந்தது. அவள் முகத்துக்காக மாறினார்கள்.

வட்டாரப் பிரதிநிதி அத்ரோவால்டோ, கொத்தனார், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். பொறியாளர்களோடு பேசுவது அவர் பொறுப்பு. பள்ளிக்கூட மண்டபத்தில் கைகளை எண்ணிச் சாலை ஜெயித்தது என்றதும், அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எட்டு மாதம் கழித்து அளக்க வந்தவர்கள் அவள் சமையலறைச் சுவரில் சிவப்பு எண் எழுதினார்கள். பஸ் திரும்ப இடம் வேண்டுமாம்; ஐந்து வீடுகள் போகுமாம். ஏதோ தப்பு என்றாள். வந்த பெண் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். ஓட்டெடுப்புக்கு முந்தின மாதத் தேதி. கீழே அத்ரோவால்டோவின் கையெழுத்து.

அவள் போனபோது அத்ரோவால்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார்.

"சொல்லியிருந்தா உங்க சந்துல ஒருத்தராவது கை தூக்கியிருப்பாங்களா, தங்கச்சி? முந்நூறு குடும்பம் இந்த மேட்டுல ஏறுது."

"தூக்கியிருப்பேனோ மாட்டேனோ. கேட்டிருந்தாத்தானே அண்ணே தெரியும்?"

"பதிலுக்குச் செங்கல் வீடு தர்றாங்க."

"மத்த நாலு வீட்டுக்கும் ஆள் சேக்க என்னைத்தானே அனுப்புனீங்க. இனி அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"



நாலு வீட்டுக்கும் அவளே போய்ச் சொன்னாள். அவளுக்கு முன்பே தெரியாது என்பதை மூன்று பேர் நம்பினார்கள். இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த தொர்வலினா, "உனக்கு எவ்வளவு கெடச்சுது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புது வீடு ஒன்றரை மணி நேரத் தொலைவில். குழாய்த் தண்ணீர் வந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மறு வருஷக் கூட்டத்தில் அத்ரோவால்டோவையே பழையபடி பிரதிநிதியாக்கினார்கள். குன்றுச் சரிவில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து சொன்னாள்.

"நீயும் கை தூக்குனியா?"

"இப்ப வாசல்லயே பஸ் ஏறுறோம்மா," என்றாள் மகள்.

ஒண்டினா எழுந்து அடுப்பை மூட்டப் போனாள்.