மூன்று கார்புரேட்டரும் ஒரு காதுகுத்தும்

சரவணகுமாருக்குக் கார் ஓட்டத் தெரியும். காரைப் பற்றி மணிக்கணக்காக இங்கிலீஷில் பேசவும் தெரியும். பானெட்டைத் திறக்க வேண்டிய நேரம் வந்தால் மட்டும் யாரையாவது கூப்பிடுவார். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் ஒரு கேரேஜுக்கு மேனேஜராக இருக்க இவ்வளவு தகுதி போதும் என்று அதன் முதலாளி நினைத்திருக்க வேண்டும். அவர் கூப்பிடும் அந்த யாரோ, பெரும்பாலும் கார்மேகம்தான்.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கம். வயது முப்பத்து நான்கு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கார்புரேட்டரில் ஆறு வருஷமாக வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகவே லீவு கிடைக்காதவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? அதைக்கூட அவன் விட்டுவிட்டான். அவனை அரித்தது தங்கச்சி மகள் அபிநயாவின் காதுதான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. மூன்று வயதில் சரவணகுமார் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார், மார்கழி மாதத்தில். மார்கழியில் எந்த வீட்டில் விசேஷம் வைப்பார்கள்? கோயமுத்தூர்க்காரரான சரவணகுமாருக்கு அது தெரியாது என்று கார்மேகம் நம்பத் தயாராக இல்லை. போய் வெறுங்காதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இப்போது ஐந்து. வைகாசியில் நாள் குறித்தாயிற்று. இதையும் விட்டால் ஊரில் அவன் தங்கச்சி தலைகாட்ட முடியாது.

அந்தப் பங்குனியில்தான் முத்துராமன் சிவப்புக் காரோடு வந்து சேர்ந்தார். சிமெண்ட் கான்ட்ராக்டர். வண்டி 1969 மாடல், இன்ஜின் மேல் வரிசையாக மூன்று கார்புரேட்டர். அதை அவர் ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்து மயங்கி வாங்கியிருந்தார். படத்தைப் பார்த்தவர் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

“மூணும் ஒண்ணா ஓடணும்பா. மூணு எதுக்கு வச்சிருக்கான்?” என்றார்.

“சார், நடுவுல உள்ளதுதான் எப்பவும் ஓடும். ஓரத்துல இருக்கற ரெண்டும் பெடலை அழுத்தி மிதிச்சாத்தான் தொறக்கும். வண்டியச் செஞ்சவனே அப்படித்தான் செஞ்சிருக்கான்” என்றான் கார்மேகம்.

“அப்ப ரெண்டு சும்மா தூங்குதுங்கறியா? என் சைட்ல ஒருத்தனைத் தூங்க விடமாட்டேன்.”

சரவணகுமார் சிரித்தார். கஸ்டமர் என்ன சொன்னாலும் சிரிப்பதுதான் அவர் டூட்டி. “சார் சொல்றபடி பண்ணுப்பா. இதை முடிச்சுக் குடுத்துட்டு வைகாசிக்குக் கிளம்பு.”

கார்மேகம் மூன்றும் ஒரே நேரத்தில் திறக்கும்படி கம்பியை மாட்டினான். மூன்றாம் நாள் காலை டிராஃபிக்கில், சிக்னலில், கறுப்புப் புகை கக்கிவிட்டு வண்டி நின்றது. பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடித்தது. முத்துராமன் வேர்த்து வழிந்து டாக்ஸியில் வந்து இறங்கினார்.

“ஒரு வேலை ஒழுங்கா வரல, இதுல லீவு வேற கேக்கறே” என்றார் சரவணகுமார், கஸ்டமர் காதில் விழும்படி.

கார்மேகம் பிளக்குகளைக் கழற்றினான், அடுப்புக்கரி மாதிரி இருந்தன. துடைத்து மாட்டினான். பழைய கம்பியை எடுத்துப் பழையபடியே இணைத்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஸ்க்ரூவை அரைச்சுற்று, கால்சுற்றாகத் திருப்பினான். இரண்டு நாளில் வண்டி பால் குடித்த குழந்தையாக அடங்கியது. என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முத்துராமன் மலை தாண்டிக் கடற்கரையில் இருக்கும் கொர்ஃபக்கான் வரை ஓட்டிவிட்டு வந்தார். “இப்பத்தான்பா மூணும் ஒண்ணா இழுக்குது. கால்லயே தெரியுது.”

“நான் பக்கத்துலயே நின்னு செய்ய வச்சேன் சார்” என்றார் சரவணகுமார்.

கார்மேகம் லீவு ஃபாரத்தை நீட்டினான். சரவணகுமார் அதைத் தொடவே இல்லை.

“முத்துராமன் சார் ஃப்ரெண்ட்ஸ் வண்டி ரெண்டு வருது. இதே வேலை. உன்னை விட்டா யாருக்குப்பா இந்தக் கை வரும்? தீபாவளிக்குப் பாக்கலாம்.”

கெட்ட வேலைக்கும் லீவு இல்லை, நல்ல வேலைக்கும் லீவு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை முத்துராமன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து, பானெட்டைத் திறந்து வைத்துப் பெருமை அளந்துகொண்டிருந்தார். சரவணகுமார் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கார்மேகம் கையைத் துடைத்துக்கொண்டு போய், மேல்மூடியைக் கழற்றி வைத்தான்.

“சார், உங்க ஃப்ரெண்டைப் பெடலை மெதுவா மிதிக்கச் சொல்லுங்க. எல்லாரும் உள்ள பாருங்க.”

நண்பர் மிதித்தார். நடுவில் இருந்தது திறந்தது. ஓரத்து இரண்டும் அசையவில்லை.

“கொர்ஃபக்கான் ரோட்டுல ஓட்டினீங்களே, பெரும்பாலும் இந்த ஒண்ணுலதான் சார். ரெண்டும் நல்லாத் தூங்குது. மேனேஜர் சார் பக்கத்துலயே நின்னு தூங்க வச்சாரு.”

நண்பர்கள் சிரித்தார்கள். முத்துராமன் முகம் வண்டியின் நிறத்துக்கு வந்தது. வண்டி நன்றாக ஓடுவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. “இந்த ஆள் இங்க இருந்தா என் வண்டி இங்க வராது” என்றார். சரவணகுமார் சொன்னது ஒரே வார்த்தை: “கேன்சல்.”

விசாவைக் கேன்சல் செய்தால் பாஸ்போர்ட்டும் ஊருக்கு டிக்கெட்டும் கொடுத்தாக வேண்டும். இரண்டு வருஷமாக நகராத காகிதம் நான்கே நாளில் நகர்ந்தது. தெரிந்தேதான் வாயைக் கொடுத்தாயா என்று ரூமில் கேட்டார்கள். அவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

வைகாசியில் குலதெய்வம் கோயில் மரத்தடியில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அபிநயா மாமன் மடியில் திமிறிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் தங்கச்சி கனகாவின் புருஷன் செல்போனைக் கொண்டுவந்தான். லீவு ஃபாரத்தில் எல்லாம் கார்மேகம் எழுதிக் கொடுத்த ஊர் நம்பர் அதுதான். அதை முதல் தடவையாகச் சரவணகுமார் படித்திருக்கிறார்.

“கார்மேகம், அந்த வண்டி மறுபடியும் சிக்னல்ல நின்னுருச்சுப்பா. வேற ஆளை வச்சு மூணையும் ஒண்ணாத் தொறக்க வச்சோம். ஒரே புகை. என்ன பண்றதுன்னு கொஞ்சம் சொல்லேன்.”

வேலை இல்லை, கையில் மிச்சமும் இல்லை. அந்தப் பயம் விசேஷமெல்லாம் ஓய்ந்த ஆடியில்தான் வரும். இப்போது பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

“நான் லீவுல இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு, மச்சானைப் போனை வாங்கிக்கொள்ளச் சொன்னான்.