மத்தியான இடைவேளையில் நான் வென்ற விவாதம்

மூன்றரை வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவுவது, சட்டி பானை கழுவுவது, தட்டுகளை வண்டியில் அடுக்கி மேல்மாடிகளுக்குத் தள்ளிக்கொண்டு போவது என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பெரிய குறை ஒன்றும் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான். இந்தக் கதையே அந்த வாயால் வந்த வினைதான்.

அந்த மாதம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கோடை முடிந்ததும் சமையலறையை மூடப்போகிறோம், இனிச் சாப்பாடு வெளியிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போய் உருளைக்கிழங்கு சீவுவது? இல்லத்தின் பொறுப்பாளர் நல்ல மனுசி. தனியே கூப்பிட்டு, "முதியவர்களோடு நன்றாகப் பழகுகிறாய். ஜெர்மன் பரீட்சையில் அடுத்த படியைத் தாண்டிவிட்டு வா, தாதிப் பயிற்சிக்கு உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்றார். பரீட்சை ஆனி மாதத்தில். தவறினால் வேலையும் இல்லை, பயிற்சியும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பரீட்சையில் நான் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். எழுத்தில் இல்லை, பேச்சில்! சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். பேச்சுப் பரீட்சையில் இரண்டு பேரை எதிரெதிரே இருத்தி, ஒரு தலைப்பைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவள். மேசையில் தட்டிப் பேசி, எதிரணியைப் பார்த்துச் சபையைச் சிரிக்க வைத்தால் பாதி வெற்றி என்று பழகியவள். அதே வேகத்தில் போய், எதிரே இருந்த பிரேசில் நாட்டுப் பெண்ணை வாயே திறக்க விடவில்லை. அவள் தேறிவிட்டாள். நான் தவறிவிட்டேன்.

யாரோடாவது பேசிப் பழகவேண்டும் என்று தேடியபோது கண்ணில் பட்டவள், எங்கள் இல்லத்தில் தரை துடைக்கும் ஒரு ஜெர்மன்காரி. என் வயதுதான். முதுகு வலியால் காலையில் நான்கு மணித்தியாலம் மட்டும் வேலை செய்வாள். மற்றவர்களைப்போல விழுங்கி விழுங்கிப் பேசாமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். வெட்கக்காரி என்று நினைத்துக்கொண்டேன். "என்னோடு கொஞ்ச நாள் பேசிப் பழகுவாயா?" என்று நேரடியாகவே கேட்டேன். உடனே சம்மதித்தாள். என் மத்தியான இடைவேளை வரும்போது அவளுடைய வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அந்த ஒரு மணித்தியாலமும் ஓய்வறையில் எனக்காகக் காத்திருப்பாள். நான் கொண்டுபோகும் இடியப்பத்தையும் சம்பலையும் நீட்டினால், சாப்பிட்டுவிட்டேன் என்பாள். உறைப்புக்குப் பயப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஆறு வாரம் போனது. ஒருநாள் பயிற்சிப் புத்தகத்தில் வந்த தலைப்பு: "பணக்கார நாட்டில் உண்மையிலேயே ஏழைகள் இருக்கிறார்களா?" எனக்கு அல்வா சாப்பிடுவதுபோல இருந்தது. "இல்லை என்ற பக்கம் எனக்கு" என்று முந்திக்கொண்டேன். அவள் "இருக்கிறார்கள்" என்று பேசவேண்டும். ஓய்வறையில் அன்று ஐந்தாறு பேர் இருந்தார்கள். சபை என்று ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லவா வேண்டும்!

அவள் தன் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகத் தொடங்கினாள். வோஷிங் மெஷின் பழுதாகி, இன்னொன்று வாங்க முடியாமல், மாதக்கணக்கில் குளியல் தொட்டியில் உடுப்புத் துவைக்கும் ஒருத்தியை நினைத்துப் பார் என்றாள். நான் விடுவேனா? குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறதே, எங்கள் ஊரில் கிணற்றில் அள்ளி அள்ளித் துவைத்த என் அம்மா என்ன பிச்சைக்காரியா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிநேகிதியின் பிறந்தநாளுக்கு வெறுங்கையோடு போக மனமில்லாமல், தலையிடி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவளை என்ன சொல்வாய் என்றாள். ஒரு மாத்திரை போடச் சொல்வேன் என்றேன். இன்னும் சிரிப்பு. உடைந்த பல்லைக் கட்ட வழியில்லாமல், சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள் கடைசியாக. நான் எழும்பி நின்று, வாயைப் பொத்தி, தோளைக் குலுக்கி, "இப்படியா?" என்று நடித்துக் காட்டினேன். ஓய்வறையே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

பிறகு நான் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். போரில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த நாட்களில், ஒரு சாப்பாட்டுப் பொதியை ஐந்து பேர் பிரித்துச் சாப்பிட்டோம், அதற்குப் பெயர்தான் ஏழ்மை, வீடும் ஹீட்டரும் கைபேசியும் வைத்துக்கொண்டு ஏழை என்று சொல்வதற்கு இங்குள்ளவர்கள் வெட்கப்படவேண்டும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். பசியைக் கண்டவள் என்ற திமிர் அன்று என் குரலில் இருந்தது. "நீ வென்றுவிட்டாய்" என்று சொல்லி, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே அவள் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு தாள். அவளுக்கு வந்த விளம்பரக் கடிதங்களின் பின்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். நான் பேசாத பக்கத்துக்கான வாதங்கள், சொற்றொடர்கள் எல்லாம் அதில் இருந்தன. பரீட்சையில் எந்தப் பக்கம் உனக்கு வரும் என்று தெரியாது, ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு போகாதே என்றாள். அடியில் கோடு போட்டு இன்னொன்றும் எழுதியிருந்தாள். எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் உன் வாயால் திருப்பிச் சொல்லு, சரியாக விளங்கிக்கொண்டேனா என்று கேள், அதன் பிறகு பதில் பேசு.

பரீட்சையில் ஏழ்மையும் வரவில்லை, பணக்காரரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளைத் திறக்கலாமா கூடாதா என்று ஓர் உப்புச் சப்பில்லாத தலைப்பு. எதிரே ஒரு சிரியா நாட்டு இளைஞன், தலைப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய்ந்துவிடத்தான் நாக்குத் துடித்தது. அந்தக் கோடு போட்ட வரி நினைவுக்கு வந்தது. அவன் திக்கித் திக்கிச் சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டேன். அவனுடைய முகம் தெளிந்தது. அதன் பிறகு இரண்டு பேரும் நன்றாகவே பேசினோம். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தேறிவிட்டேன்!

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதலில் அவளிடம்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் கிழமை அவள் விடுமுறையில் இருந்தாள். தொலைபேசி இலக்கத்தை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவள் தந்த தாளின் மறுபக்கத்தில் முகவரி அச்சாகியிருந்தது ஞாபகம் வந்தது. உழுந்து வடை சுட்டு, ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டேன்.

"இஞ்சாருமப்பா, இந்த நாட்டில ஒருத்தரும் சொல்லாமல் கொள்ளாமல் ஆக்களின்ர வீட்டை போறேல்லை. வேலைக்கு வந்த பிறகு குடுமன்" என்றார் கணவர்.

"வடையோட போறவளுக்கு என்னத்துக்கப்பா டெர்மின்?" என்று, முன்கூட்டியே நேரம் குறித்துப் போகும் இந்த நாட்டு வழக்கத்தைக் கேலி செய்துவிட்டு நான் படியிறங்கிவிட்டேன்.

வுப்பர்டாலின் மேடுகளை ஏறியவர்களுக்குத் தெரியும். நூறு படிக்கு மேல் ஏறி, மூச்சு வாங்க, அவளுடைய பெயர் இருந்த மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது. கை சோப்பு நுரையோடு இருந்தது. கதவை அரைவாசி மட்டும் திறந்து பிடித்திருந்தாள். நான் வடைப் பெட்டியை நீட்டிக்கொண்டு அசடுபோல நின்றேன். பிறகு கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வா என்றாள்.

சின்ன வீடு. சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். ஆனால் ஒவ்வொரு கதவின் மேலும் ஈர உடுப்பு தொங்கியது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. தொட்டியில் தடித்த போர்வையொன்று ஊறிக்கொண்டிருந்தது. இந்த முதுகோடு அதைப் பிழியவேண்டும். மூலையில் செத்துப்போன வோஷிங் மெஷினின் மேல் துணி விரித்து, பூச்சாடி வைத்திருந்தாள். இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தாள். நான் தேறிவிட்டேன் என்று சொன்னதும் சிரித்தாள். வழக்கம்போலக் கை வாய்க்குப் போனது.

அந்தக் கையைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் எழும்பி நின்று நான் நடித்தது யாரை என்று விளங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. என் வாய்க்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், அவள் எழுதித் தந்ததையே தொடங்கினேன். நீ சொன்னதை இப்போது நான் சரியாக விளங்கிக்கொண்டேனென்றால், என்று ஆரம்பித்து, மெஷின், பிறந்தநாள், பல் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் அன்று ஜெர்மனில் பேசியது, என் மனதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"நீ சொன்னதும் முழுப் பிழையில்லை. நான் ஒருநாளும் பட்டினி கிடக்கேல்லை. உன்னைப்போல எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வரேல்லை. அதாலதான் வெளியில சொல்ல வெக்கம். இந்த நாட்டில ஒருத்தி தன்னட்டை இல்லை எண்டு சொன்னா, நீ என்ன பிழை விட்டனி எண்டுதான் கேப்பினம்."

அரசாங்கத்தின் சமூக உதவி அலுவலகத்தில் கேட்கலாமே என்றேன். கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு, வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வரிவரியாக எழுதிக் காட்டிக் களைத்துப்போனேன் என்றாள்.

"பிறகு ஏன் எனக்கு உதவி செய்தனி? அதுவும் நான் சிரிச்ச பிறகு?"

"எல்லாரும் என்னட்டை என்ன இல்லை எண்டுதான் கேக்கிறவை. நீ ஒருத்திதான் என்னட்டை இருக்கிறதைக் கேட்டு வந்தனி. அந்தக் கிழமைகளில நான் வேலைக்கு ஆசையோட வந்தன். நீ ஒருநாள் சிரிச்சாய் எண்டதுக்காக அதை விடேலுமே?"

உடனே ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிடவேண்டும் என்று கை பரபரத்தது. எங்கள் ஆட்களிடம் சொன்னால் யாருடைய நிலவறையிலாவது ஒன்று சும்மா கிடக்கும். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக, எனக்கு உண்மையாகவே இருந்த பயத்தைச் சொன்னேன். பயிற்சி தொடங்கினால் நோயாளிகளைப் பற்றி ஒவ்வொரு நாளும் அறிக்கை எழுதவேண்டும், என் எழுத்தை யார் திருத்துவார்கள்? சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாயா, வரும்போது உடுப்பையும் கொண்டு வா, மெஷின் ஓடும் நேரத்தில் நீ திருத்தி முடித்துவிடலாம் என்றேன். அவள் கையைத் துடைத்துவிட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். உறைப்பில் கண் கலங்க, "பத்து மணிக்கு வாறன்" என்றாள்.

மூன்று வருடமும் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். என் சமையலறையில் அவளுடைய உடுப்புச் சுழல, மேசையில் என் பிழைகள் சிவப்பு மையில் குளித்தன. இந்த வருடம் நான் பயிற்சியை முடித்து, அதே இல்லத்தின் இரண்டாம் மாடியில் தாதியாக நிற்கிறேன். அவளுக்கும் பல்மருத்துவத்துக்கு ஒரு வழி கிடைத்தது. அது அவளுடைய கதை, அவள்தான் சொல்லவேண்டும்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் எங்கள் உறவினர் ஒருவர், "இந்த நாட்டில ஆர் ஏழை? எல்லாம் பஞ்சியில, சோம்பேறித்தனத்தில கிடக்கிறாங்கள்" என்று சத்தமாகச் சொன்னார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இனிப் பொரிந்து தள்ளப்போகிறேன் என்று கணவர் என்னைப் பார்த்தார். நான் கதிரையை இழுத்து அந்த அண்ணைக்குப் பக்கத்தில் போட்டேன்.

"அண்ணை, நானும் உப்பிடித்தான் சொல்லி ஒரு சபையையே சிரிக்க வைச்சனான். ஆரைப் பாத்துச் சிரிச்சனான் எண்டு சொல்லட்டே?" என்று தொடங்கினேன்.

ஏழை என்றால் யார் என்று இப்போதும் என்னால் ஒரு வரியில் சொல்ல ஏலாது. ஆனால் தன் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, அதைப் பார்த்து நான் சிரித்த பிறகும், விடிந்ததும் இரண்டு தாளோடு சமையலறை வாசலில் வந்து நின்ற ஒருத்தியின் பொறுமையில்தான் இன்று நான் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன் என்பதை, ஒவ்வொரு அறிக்கைக்கும் கீழே கையெழுத்துப் போடும்போது நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.